மங்களம் பாடாத நாடகம்

1954ஆம் ஆண்டு சித்திரை மாதத்து மூன்றாம் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் திருகோணமலையில் தொடங்கிய ‘செங்கோல் வளையாத சிங்கமன்னன்’ என்ற நாடகம் பத்தொன்பது வருசம் இரண்டாம் காட்சியிலேயே நின்றது. மூன்று மணிக்குத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. கிண்ணியாவுக்குப் போகும் பாதை, அதாவது ஆட்களையும் வண்டில்களையும் ஏற்றிக்கொண்டு துறையைக் கடக்கும் மிதவை, ஆறு மணிக்குப் பிறகு ஓடாது. கிண்ணியா ஆட்கள் வராவிட்டால் மண்டபம் பாதிதான் நிறையும், கைதட்டலும் பாதிதான் கேட்கும். அதனால் எங்கள் ஊரில் ராசாக்கள் எல்லாரும் நல்ல வெயிலில்தான் முடிசூடினார்கள்.

நாடகத்தைப் போட்ட துறைமுக சன்மார்க்க நாடக சபையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. மண்டபச் செலவை யார் ஏற்கிறாரோ அவருக்கே ராச வேடம் என்பது முதலாவது. அவருக்குக் குரல் இருக்கிறதா, நடை இருக்கிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. ஒரு வருசம் திக்குவாய்க்காரரான அரிசி ஆலை முதலாளி ராசாவானதில், அவர் போர் தொடுக்கும் வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரி வந்து தலைநகரைப் பிடித்துவிட்டான். மற்றது மங்களம். கடைசியில் ஆர்மோனியக்காரர் மங்களம் பாடி முடிக்கும்வரை நாடகம் முடிந்ததாகாது. அதுவரை எவரும் முகப்பூச்சைத் துடைக்கக் கூடாது, முடியைக் கழற்றக் கூடாது, மேடையில் கொடுத்த வாக்கை இல்லையென்று சொல்லவும் கூடாது. ஆர்மோனியக்காரர் கிண்ணியா அபூதாஹிர். ஊருக்கும் வயலுக்கும் கடலுக்கும் வாழ்த்துச் சொல்லும் அந்தப் பாட்டை அவர் பாடினால் மழை வரவேண்டிய வருசத்தில் மழை வந்தது என்பதால், மங்களத்தை வேறு யாரிடமும் கொடுக்கும் எண்ணம் சபைக்கு இருந்ததில்லை.

அந்த வருசம் செலவை ஏற்றவர் பாக்கியரத்தினம் முதலாளி. கப்பலில் வரும் சரக்கை வத்தை என்னும் தட்டைப் படகுகளில் கரைக்கு இறக்கும் கொந்தராத்து அவருடையது. உட்துறைமுக வீதியில் மேல்மாடி வீடு, வீட்டைச் சுற்றி ஆள் உயர மதில், மதிலுக்கு மேலே உடைந்த கண்ணாடிச் சில்லு. அவருக்கு வேலை செய்த கூலியாட்களுக்குக் கடற்கரையோரம் வரிசை வீடுகளாக ஒரு லயனும், லயனுக்கு ஒரு தண்ணீர்க் குழாயும் கட்டிக் கொடுத்திருந்தார். கூலிகள் அவருடைய முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை, காலிலுள்ள சப்பாத்தைப் பார்த்துத்தான் கதைப்பார்கள். அவருடைய சப்பாத்து எந்த நேரத்தில் கோபமாக இருக்கும் என்பது லயனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நாடகத்துக்கு நாலு மாதம் முந்தி, மார்கழி வாடைக்காற்றில், துறைமுக வாயிலில் அவருடைய வத்தை ஒன்று சீமெந்து மூட்டைகளோடு மூழ்கித் தாண்டுபோனது. ஐந்து பேர் செத்தார்கள். வத்தையை நடத்திய தண்டல் தவராசாவும் அதில் ஒருவர். விசாரணையில் முதலாளியின் கந்தோர்க் கிளாக்கர் ஆனந்தராசா ஒரு கடுதாசி கொடுத்தார். தண்டல் வெறியில் இருந்ததாகவும், வத்தையில் அடித்திருந்த அளவுக் கோட்டைத் தாண்டிப் பாரம் ஏற்றியதாகவும் அதில் எழுதியிருந்தது. தவராசா சாராயப் போத்தலின் மூடியை மணந்தாலே சத்தி எடுக்கிற மனிதர். ஆனால் விசாரித்தவருக்கு அது தெரியாது, தெரிந்தவர்களை அவர் கேட்கவில்லை. கடுதாசி உண்மையாகிவிட்டது. மற்ற நாலு பேரின் பெண்சாதிமாரும் அன்றைக்கே தவராசாவின் பெண்சாதி கனகம்மாவோடு கதையை நிறுத்தினார்கள். குழாயில் அவள் குடம் வைத்தால் காலால் தள்ளிவிட்டார்கள். ஒருத்தி, “உன்ரை மனிசன்ரை வெறிக்கு என்ரை பிள்ளையள் தகப்பன் இல்லாமப் போச்சுதுகள்” என்று சொன்னாள். அதற்குப் பிறகு கனகம்மா அரைக்கட்டை தூரத்திலுள்ள கிணற்றுக்குப் போய்வந்தாள். அவளை லயனைவிட்டு எழுப்பாமல் விட்டதைத் தன்னுடைய பெருந்தன்மை என்று பாக்கியரத்தினம் முதலாளி இரண்டு கூட்டங்களில் சொன்னார்.

நாடகத்தன்று முதல் வரிசைக் கதிரைகளில் கடற்படைத் துரைமாரும் வழக்குப் பேசும் பிரக்கிராசியாரும் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியாரும் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வாங்குகள், அதற்குப் பின்னால் பாய். பாய்க்கும் பின்னால், வாசலோடு ஒட்டி, லயன் ஆட்கள் நின்றார்கள். கைதட்ட ஆள் வேண்டும் என்பதற்காக லயனிலிருந்து வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வரவேண்டும், வராத வீட்டுக்கு அடுத்த கப்பலில் வேலை இல்லை என்று முதலாளியே உத்தரவு போட்டிருந்தார். கனகம்மாவின் வீட்டில் கனகம்மா மட்டும்தான் இருந்தாள். அதனால் கனகம்மா வந்தாள்.

இரண்டாம் காட்சியில் சிங்கமன்னன் கொலுவீற்றிருக்கிறான். அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டிக் கண்ணாடி மணி பதித்த முடி. மையால் கீறிய மீசை, நீலப் பட்டு அங்கி. கந்தோரில் எப்போதும் முதலாளிக்குப் பின்னால் நிற்கும் ஆனந்தராசா, மேடையிலும் சணல் தாடியோடு மந்திரியாக அவருக்குப் பின்னால்தான் நின்றார். ராசா எழும்பி வாளை உயர்த்தி வசனத்தைச் சொன்னார். “எம் குடிகளில் குறையுடையோர் எவராயினும் இச்சபை புகுந்து எம்மைக் கேட்கலாம்! கேட்டவர்க்கு விடை பகரும்வரை யாம் சோறு உண்ணோம்! எம் வாயிற்கதவம் அடையோம்! இது எம் ஆணை!” நல்ல கைதட்டல். லயன் ஆட்கள் உத்தரவுப்படி மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தட்டினார்கள். கைதட்டல் ஓய முன்னம் கனகம்மா பாயைத் தாண்டி, வாங்குகளைத் தாண்டி, கதிரைகளைத் தாண்டி மேடையில் ஏறினாள். பிரக்கிராசியார் அதையும் நாடகம் என்று நினைத்து, அந்த வேசம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று பக்கத்தில் இருந்த துரைக்குச் சொன்னார்.

அவள் சப்பாத்தைப் பார்க்கவில்லை. “மகாராசா, கோடு தாண்டின வத்தையோடை என்ரை மனிசனைக் கடலுக்கு அனுப்பினது ஆர்?” என்று கேட்டாள்.

பாக்கியரத்தினம் முதலாளி திரைக்குப் பின்னால் ஏடு பார்ப்பவரைப் பார்த்தார். ஏட்டில் அந்தக் கேள்வி இருக்கவில்லை. மந்திரியைப் பார்த்தார். மந்திரி குனிந்து தன் பாதரட்சையின் வாரைக் கட்டத் தொடங்கினார். திரையைப் போடச் சொல்லி முதலாளி உறுக்கினார். திரை பாதி தூரம் வந்தது, நின்றது, திரும்பிப் போனது. கயிற்றை இழுத்தவர் தான் இழுத்துக்கொண்டுதான் இருந்ததாகப் பிறகு சத்தியம் செய்தார். அப்படியென்றால் மங்களத்தைப் பாடி முடிக்கும்படி அபூதாஹிருக்குச் சொன்னார் முதலாளி. அபூதாஹிர் ஆர்மோனியத்தை மூடினார். மார்கழி மாதம் அந்த வத்தை தாண்டபோது, அதற்குப் பின்னால் வந்த வத்தையில் கூலிக்கு இருந்தவர் அவர். “ராசா எல்லார்ர முன்னுக்கும் வாக்குக் குடுத்திட்டார்” என்றார். “விடை வராம மங்களம் பாட எனக்கு ஏலாது.” பிறகு பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஐந்தரைப் பாதையைப் பிடித்துக் கிண்ணியாவுக்குப் போய்விட்டார். சனம் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனது.

வீட்டுக்குப் போன முதலாளிக்கு முடியைக் கழற்ற ஏலவில்லை. தேங்காய் எண்ணெய் பூசினார்கள், மண்ணெண்ணெய் பூசினார்கள், கடற்படைப் பல்வைத்தியர் ஒரு குறடு கொண்டுவந்து முயன்றார். குறடு வளைந்தது. அங்கி தோலோடு சேர்ந்திருந்தது. மீசை சவர்க்காரம் போடப்போட இன்னும் கறுத்தது. மனைவி கமலாதேவி இலையில் சோறு போட்டாள். முதலாளி கை வைத்ததும் சோறு மரத்தூளாகியது, மீன்குழம்பு சிவப்புச் சாயத் தண்ணீராகியது, வாழைப்பழம் களிமண்ணாகியது. எல்லாம் நாடகச் சாமான்கள், பார்வைக்குக் குறை சொல்ல ஏலாது. அவர் பசியில் கிடந்தார், ஆனால் சாகவில்லை. சிங்கமன்னன் பட்டினியால் சாவதாக ஏட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் வீட்டின் முன்மதிலும், அதற்குப் பின்னால் முன்சுவரும், சுருக்கி இழுத்த திரைபோல ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றன. வீதியில் போகிற எவருக்கும் குசினி அடுப்பிலிருந்து கட்டில்வரை எல்லாம் தெரிந்தது. மேசன் ஹிஸ்புல்லாவைக் கூப்பிட்டு மூன்று தரம் சுவர் கட்டுவித்தார்கள். மூன்று தரமும் விடியும்போது சுவர் மடிப்பு மடிப்பாக ஓரத்தில் நின்றது. மூன்றாம் தரம் ஹிஸ்புல்லா அந்த மடிப்புகளைத் தடவிப் பார்த்து, “பூச்சு ஒரு இடத்திலயும் வெடிக்கல்ல முதலாளி, வேலைக்குக் குத்தம் சொல்லாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கமலாதேவி கட்டிலைச் சுற்றிச் சேலை கட்டினாள். சேலையும் ஒதுங்கியது. மூன்றாம் மாதம் அவள், கதவு சாத்துகிற வீடு வேண்டும் என்று தம்பலகாமத்தில் இருந்த தமையன் வீட்டுக்குப் போனாள். வெள்ளிக்கிழமைகளில் வந்து அங்கியைத் தூசு தட்டிவிட்டுப் போவாள்.

கனகம்மா ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு வந்தாள். சுவர் இல்லாத இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்பாள். அவர் முகத்தைத் திருப்புவார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கிணற்றடிக்குப் போவாள். மழைக்கும் வருவாள், காய்ச்சலோடும் வருவாள். முதல் வருசம் இதைப் பார்க்கச் சனம் கூடியது. எதிர்ப்பக்கம் கடலை விற்கிறவள் ஒருத்தி இடம் பிடித்தாள். பிற்பாடு சனம் குறைந்தது, கடலைக்காரி மட்டும் நின்றாள். அவளைத் துரத்தும்படி முதலாளி காவற்காரனுக்குச் சொன்னபோது, “ராசா, நீங்கள் மறுமொழி சொன்னாப் பிறகு நான் ஏன் இங்கை நிக்கப்போறன்?” என்று அவள் கேட்டாள். காவற்காரன் அவளிடம் கடலை வாங்கித் தின்றான்.

1957இல் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனார்கள். கொடி இறக்குமுன் வீதியால் அணிவகுத்து வந்த ஓர் இளம் அதிகாரி, திறந்த வீட்டில் முடியோடு இருந்தவரைக் கண்டு, இந்த ஊர் ராசாவாக்கும் என்று சலூட் அடித்தார். பாக்கியரத்தினம் முதலாளியும் பதில் சலூட் அடித்தார். பத்தொன்பது வருசத்தில் அவருக்குக் கிடைத்த மரியாதை அதுதான். அதே வருசம் யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய பாட்டுக்காரர் ஒருவரைக் கார் பிடித்துக் கூட்டிவந்து மங்களம் பாடுவித்தார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முடி அசையவில்லை. அன்று பின்னேரம் மூதூரில் நடந்துகொண்டிருந்த வேறொரு நாடகம், கதாநாயகி ஆற்றில் குதிக்கப் போகும் கட்டத்தில், சட்டென்று முடிந்துபோனது. அந்தச் சபையார் பெட்டிசம் எழுதினார்கள்.

மந்திரிக்கும் மங்களம் கிடைக்கவில்லை. சணல் தாடியோடு ஆனந்தராசா ஏழு வருசம் கந்தோருக்குப் போனார். தாடி எழுதுகிற புத்தகத்தில் உரசிக்கொண்டே இருந்தது. 1961இல் ஒருநாள் அவர் லயன் குழாயடிக்குப் போய், தண்ணீருக்கு நின்ற பெண்களிடம், தவராசா குடித்திருந்ததாகத் தான் எழுதியது பொய் என்று சொன்னார். சொன்னதும் தாடியின் வலப்பக்கம் விழுந்தது. ஆர் எழுதச் சொன்னது என்று பெண்கள் கேட்டார்கள். அவர் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒருதரம் பார்த்தார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இடப்பக்கத் தாடி நின்றுவிட்டது. பாதித் தாடிக்குப் பாதி நியாயம் கிடைத்தது. எல்லாரும் தண்ணீர் பிடித்து முடிந்த பிறகு, கடைசி ஆளாகக் கனகம்மா குடம் வைக்கலாம் என்று பெண்கள் விட்டார்கள். அவள் வைக்கவில்லை. கிணற்றுக்கே போனாள்.

1964 மார்கழிப் புயல் ஊரில் கூரை என்று இருந்ததையெல்லாம் கொண்டுபோனது. தென்னைகள் நடுவில் முறிந்தன. நாடக மண்டபமும் போனது. அட்டை முடியில் ஒட்டியிருந்த வெள்ளித்தாள்கூடக் கிழியவில்லை. புயலுக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை கமலாதேவி பஸ் ஓடாத வீதியில் நடந்து வந்து சேர்ந்தாள். வழக்கம்போல அங்கியைத் தட்டினாள். பிறகு அவர் முன்னால் கதிரையைப் போட்டு இருந்தாள்.

“ஒரு வசனம்தானேயப்பா” என்றாள். “சொல்லிப்போட்டு விடுங்கோவன்.”

“வசனமோ? என்ரை சப்பாத்தைப் பாத்துக் கதைச்சவன்ரை பெண்சாதிக்கு நான் நிண்டு மறுமொழி சொல்லுறதோ?”

“அப்ப நீங்கள்தான் அனுப்பினனீங்கள்.”

அவர் முகத்தைத் திருப்பினார். பதினோராம் வருசத்தில்தான் அவள் அதைக் கேட்டாள். அதற்குமுன் கேட்கத் தோன்றவில்லையா, கேட்கப் பயமா என்பதை ஊர் தீர்மானிக்கவில்லை. அன்று பின்னேரம் மூன்று மணிக்குக் கனகம்மா வந்தபோது, கமலாதேவி எழும்பித் தான் இருந்த கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டாள். கனகம்மா இருக்கவில்லை. “நான் இருக்க வரயில்லையம்மா, கேக்க வந்தனான்” என்று சொல்லிவிட்டுக் கேட்டாள்.

அதற்குப் பிறகு முதலாளி ஒரு தந்திரம் செய்தார். 1966இல், எழும்பி வாளைப் பிடித்து நின்று, “மன்னன் பிழை புரிந்தான்! மன்னன் மனம் வருந்துகிறான்!” என்று நாடகப் பாசையில் சொன்னார். எந்த மன்னன், என்ன பிழை என்பதைச் சொல்லவில்லை. முடியிலிருந்து ஒரு கண்ணாடி மணி கழன்று உருண்டது. கனகம்மா அதைப் பொறுக்கி அவருடைய மேசையில் வைத்தாள். “ராசாவை நான் கேக்கயில்லை, முதலாளி. ராசாவுக்கு வத்தை இருந்ததில்லை” என்றாள். அன்றிலிருந்து மகாராசா என்ற சொல்லை விட்டுவிட்டு, பாக்கியரத்தினம் என்று பெயரைச் சொல்லிக் கேட்கத் தொடங்கினாள். கூலி லயன்காரி ஒருத்தி முதலாளியின் பெயரை நடுவீதியில் நின்று சொன்னது எங்கள் ஊரில் அதுதான் முதல் தரம். அந்தப் பின்னேரம் கடலைக்காரி எல்லாருக்கும் சும்மா கடலை கொடுத்தாள்.

1972இல் நாடு குடியரசானது. இனி இந்த நாட்டில் ராசாவும் இல்லை, ராணியும் இல்லை என்று வானொலியில் சொன்னார்கள். அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து, முடியைக் கழற்றும்படி பாக்கியரத்தினம் முதலாளிக்கு முறைப்படி அறிவித்தார். தாமும் அதைத்தான் பதினெட்டு வருசமாகச் செய்யப் பார்த்துக்கொண்டிருப்பதாக முதலாளி சொன்னார். உத்தியோகத்தர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டு போனார்.

மறு வருசம் கனகம்மா ஒருநாள் மூன்று மணிக்கு வரவில்லை. பாக்கியரத்தினம் முதலாளி முதலில் சந்தோசப்பட்டார். நாலு மணிக்கு வீதியை எட்டிப் பார்த்தார். ஐந்து மணிக்கு, அவளுக்கு என்னவாம் என்று கடலைக்காரியிடம் கேட்டார். நெஞ்சுக்குள் சளி கட்டி மூச்சு எடுக்க ஏலாமல் படுத்திருக்கிறாளாம். அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பிரக்கிராசியார் வந்தார். இப்போது அவருக்கு எண்பது வயது, முதல் வரிசையில் இருந்தவர்களில் மிஞ்சியது அவர்தான். அவர் கொடியில் காய்ந்த வேட்டியைப் பற்றிக் கதைப்பதுபோல சட்டத்தை எடுத்துச் சொன்னார். கேட்டவருக்கு விடை சொல்லும்வரை என்பதுதான் வாக்கு. கேட்டவள் செத்துப்போனால் விடையை வாங்க ஆள் இல்லை. வாங்க ஆள் இல்லாத விடையைக் கொடுக்கவும் ஏலாது. சிங்கமன்னன் சாவதாக ஏட்டிலும் இல்லை. “அப்பிடியெண்டால் தம்பி, நீ ஊழிக்கும் மரத்தூள்தான் சாப்பிடவேணும்” என்று முடித்தார்.

அன்றைக்கே அப்போதிக்கரியாரின் மகனான டாக்குத்தர் காரில் லயனுக்குப் போனார். மருந்து போனது, கம்பளி போனது, பால்மா டின் ஆறு போனது. அந்த லயனுக்குக் கார் வந்ததே அதுதான் முதல் தரம். கனகம்மா வாய் திறக்கவில்லை. மருந்துக் கரண்டியைப் பல்லால் மறித்தாள். டாக்குத்தர் ஊசியை எடுத்தபோது, கையைச் சேலைக்குள் ஒளித்தாள். “டாக்குத்தரையா, உங்களை அனுப்பினவரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ” என்றாள், மூச்சு விட்டுவிட்டு. “அவருக்கு நான் உயிரோடை வேணும். எனக்கு அவர் முடியோடை இருக்கவேணும். நான் செத்தா அவர் எண்டைக்கும் ராசாதான். எனக்கு ஒரு கவலையும் இல்லை.” டாக்குத்தர் அதை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னார். சொல்லும்போது தனக்குச் சிரிப்பு வந்ததாகப் பிறகு மனைவிக்குச் சொல்லியிருக்கிறார்.

நாலாம் நாள் மூன்று மணிக்குப் பாக்கியரத்தினம் முதலாளி எழும்பினார். காரில் முடி இடித்ததால் நடந்தே போனார். உட்துறைமுக வீதியால் நீல அங்கி இழுபட, முடியில் வெயில் அடிக்க, கடற்கரை லயன்வரை நடந்தார். அவருக்குப் பின்னால் காவற்காரனும், பாதித் தாடியோடு ஆனந்தராசாவும், கடலைப் பெட்டியோடு கடலைக்காரியும் போனார்கள். அந்தக் குழாய்க்குக் கிட்ட அவர் அதுவரை போனதில்லை. தண்ணீருக்கு நின்ற பெண்களில், செத்த நாலு பேரின் பெண்சாதிமாரும் நரைத்த தலையோடு நின்றார்கள். தகவல் கேள்விப்பட்ட அபூதாஹிர் மத்தியானப் பாதையில் வந்து, மூடின ஆர்மோனியத்துக்கு மேல் குந்தியிருந்தார். கனகம்மாவைப் பாயோடு தூக்கிவந்து வாசலில் இருத்தினார்கள். அவளுக்குக் கேட்கக் குரல் வரவில்லை. கையை மட்டும் தூக்கினாள்.

முதலாளி தன் காலைப் பார்த்தார். பாதரட்சையில் குழாயடிச் சேறு. அதைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார்.

“நான் பாக்கியரத்தினம். அண்டைக்குக் கப்பல் தட்டிலை நிண்டனான். இருநூறு மூட்டைக்குத்தான் வத்தையிலை கோடு. முந்நூற்றிருபது ஏத்துவிச்சனான். கோடு தாண்டிட்டுது ஐயா, காத்தும் மாறுது எண்டு தவராசா சொன்னவர். கோடு அடிச்சவன் நான், நீ ஏத்தடா எண்டனான். மாட்டன் எண்டால் நாளைக்கு லயனிலை இருக்கமாட்டாய் எண்டும் சொன்னனான். அந்தாள் குடிக்கயில்லை. குடிச்சதெண்டு எழுதச் சொன்னதும் நான்தான்.”

ஆனந்தராசாவின் இடப்பக்கத் தாடி விழுந்தது. அவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். உட்துறைமுக வீதியில் அந்த வீட்டின் சுவரும் மதிலும் விரிந்து தங்கள் இடத்துக்கு வந்தன. வரும்போது உள்ளே அகப்பட்ட நாய் ஒன்று மூன்று நாள் குரைத்தது. குழாயடி வரிசையில் முன்னுக்கு நின்றவள், இருபது வருசத்துக்கு முந்திக் குடத்தைக் காலால் தள்ளியவள்தான், தன் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னுக்குப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். ஒருத்தி கனகம்மாவின் குடத்தைக் கொண்டுவந்து குழாயின் கீழ் வைத்தாள். அது நிறையும்வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிறைந்ததும் ஒரு செம்பில் வார்த்துக் கொடுத்தார்கள். கனகம்மா குடித்தாள். பிறகு அந்தச் செம்புத் தண்ணீரிலேயே டாக்குத்தரின் குளிகையையும் விழுங்கினாள்.

அபூதாஹிர் ஆர்மோனியத்தைத் திறந்தார். முதலாளி முடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். “என்ன புள்ள, பாடவா?” என்று அபூதாஹிர் கேட்டார்.

கனகம்மாவுக்குக் குரல் திரும்பியிருந்தது. “பொறுங்கோ நானா” என்றாள், அண்ணன் முறை வைத்து. “நான் பத்தொன்பது வருசம் நாள் தவறாமல் கேட்டனான். அவர் ஒருக்கால்தான் சொல்லியிருக்கிறார். நாள் தவறாமல் வந்து சொல்லட்டும். பிறகு பாப்பம்.”

அபூதாஹிர் ஆர்மோனியத்தை மூடினார். அதில் நியாயப் பிழை இருப்பதாக ஒருவருக்கும் தெரியவில்லை. பிரக்கிராசியாரிடம் கேட்டார்கள். மங்களம் எப்போது என்று ஏட்டில் நேரம் குறித்திருக்கவில்லை என்றார்.

அன்று வீட்டுக்குப் போன பாக்கியரத்தினம் முதலாளிக்குச் சோறு சோறாகவே இருந்தது. மூன்று இலை சாப்பிட்டார். கமலாதேவி சாமான்களோடு திரும்பி வந்தாள், கதவைச் சாத்திப் பார்த்தாள், சாத்தியது. முடியும் அங்கியும் மீசையும் மட்டும் அப்படியே இருந்தன. அடுத்த நாள் மூன்று மணிக்கு அவர் குழாயடிக்குப் போய், அதே வசனத்தை ஒரு சொல் குறையாமல் சொன்னார். அதற்கு அடுத்த நாளும் சொன்னார். முதல் வருசம் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பிறகு தண்ணீர் பிடித்துக்கொண்டே கேட்டார்கள். சொல் தடுமாறினால், “முந்நூற்றிருபது, ராசா” என்று எடுத்துக் கொடுத்தார்கள். சொல்லி முடிந்தும் சும்மா நிற்கிறவரைப் பார்த்து ஒருத்தி ஒருநாள், “நிக்கிற நேரம் இந்தக் குடத்தை ஒருக்கால் தூக்கி விடுங்கோவன்” என்றாள். அவர் குனிந்து தூக்கி அவளுடைய இடுப்பில் வைத்தார். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. கனகம்மா நன்றாகத் தேறி, தன் வாசலில் இருந்து வெற்றிலை போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருநாளும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

1981 ஆவணியில் கனகம்மா படுத்த படுக்கையானாள். அபூதாஹிர் கிண்ணியாவிலிருந்து வந்து, தன் தொண்டையும் போய்க்கொண்டிருக்கிறது, இப்போதாவது பாடலாமா என்று கேட்டார். “என்னட்டைக் கேளாதேங்கோ நானா. நான் கரையிலை இருந்தவள். கடலுக்குப் போன அஞ்சு பேரையும் கேளுங்கோ” என்றாள். மற்ற நாள் விடிய அவள் செத்துப்போனாள். அந்த நாலு பெண்சாதிமாரும் அவளைக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் குழாயிலிருந்து வந்தது, எல்லாக் குடத்தையும் பாக்கியரத்தினம் முதலாளிதான் தூக்கிக் கொடுத்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு அபூதாஹிர் ஒரு தோணி பிடித்துத் துறைமுக வாயிலுக்குப் போனார். வத்தை தாண்ட இடத்தில் தோணியை நிறுத்தி, குனிந்து, தண்ணீரில் காதை வைத்துப் பேர் பேராகக் கேட்டார். தோணிக்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பின்னேரம் திரும்பி வந்தபோது குழாயடியில் எல்லாரும் நின்றார்கள். முதலாளி வழக்கம்போல முடியோடும், கறுத்த மீசையோடும், நாடகத்தன்று இருந்த அதே நாற்பத்தாறு வயது முகத்தோடும் நின்றார்.

அபூதாஹிர் காதுக்குள்ளிருந்த உப்புத் தண்ணீரைச் சால்வையால் துடைத்தார்.

“இன்னும் இல்லையாம்” என்றார்.

பாக்கியரத்தினம் முதலாளி தலையை ஆட்டினார். மூன்று மணி ஆகியிருந்தது. அவர் முன்னுக்கு வந்து வசனத்தைச் சொன்னார். அன்று வரிசையில் ஒன்பது குடம் இருந்தது, ஒன்பதையும் தூக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.